மைலோ டின்னில் ஒரு கதிர்மானி

லிஃப்ட் பழுது பார்ப்பது என் தொழில். கோலாலம்பூரில் நான் ஏறாத மொட்டை மாடி குறைவு. பழைய கட்டடங்களில் லிஃப்டின் மோட்டார் ரூம் உச்சியில்தான் இருக்கும். அதே உச்சியைத்தான் போன் கம்பெனிகளும் வாடகைக்கு எடுக்கும். மாதத்தில் பாதி நாள் ஆண்டெனாக்களுக்குப் பக்கத்தில் நின்று கிரீஸ் போடுகிறவன் நான். பதினாறு வருஷமாக அதைப் பற்றி ஒரு நிமிஷம்கூட யோசித்ததில்லை.

யோசிக்க வைத்தது, செந்தூலில் எங்கள் ஃபிளாட்டுக்கு வந்த ஒரு கையெழுத்துத் தாள். எதிர் புளோக்கின் உச்சியில் புது ஆண்டெனா வைக்கப் போகிறார்களாம், எதிர்த்துக் கையெழுத்துப் போட வேண்டுமாம். அதே வாரம் மச்சினி வந்து போனின் முதுகில் ஒட்டும் தங்க நிற ஸ்டிக்கர் மூன்று, உள்ளே கம்பி வலை தைத்த போன் உறை ஒன்று, கழுத்தில் மாட்டும் கறுப்புப் பதக்கம் ஒன்று என்று மனைவியிடம் விற்றுவிட்டுப் போய்விட்டாள். மொத்தம் 180 வெள்ளி (ரிங்கிட்). தங்கச்சி விலையாம்.

"என்னங்க, நீங்கதான் டெய்லி அதுகிட்டயே போய் நிக்கிறீங்க. அந்த உறை உங்களுக்குத்தான்" என்றாள் மனைவி.

கையெழுத்தும் போடவில்லை, உறையும் போடவில்லை. அளந்து பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று வாய் விட்டுவிட்டேன். அப்புறம்தான் அளக்க என்னிடம் ஒன்றுமில்லை என்று உறைத்தது. முறையாக அளக்கும் கருவி ஒரு நல்ல மோட்டார் சைக்கிள் விலை. அதனால் வீட்டிலேயே ஒன்று செய்தேன். ஆறு சனிக்கிழமை போயிற்று. நடந்தது நடந்தபடி கீழே.

முதல் சனிக்கிழமை புடு பக்கம் ஜாலான் பாசாருக்குப் போனேன். எலெக்ட்ரானிக்ஸ் சாமான் என்றால் எங்களுக்கு அந்தத் தெருதான். டையோடு ஒன்றைக் கேட்டால் தவுக்கே, அதாவது கடை முதலாளி, பழைய பிஸ்கட் டின்னைத் திறந்து நாலு விதம் காட்டுவார். 1என்5711 என்ற ஷாட்கி டையோடு நாலு, எல்எம்386 ஆம்ப்ளிஃபையர் போர்டு ஒன்று, எஸ்எம்ஏ கனெக்டர் சில, கொஞ்சம் செம்புக் கம்பி. எண் காட்டும் மீட்டருக்கு முன்னால் காதால் கேட்கும் ஒன்றைச் செய்து பார்த்துவிடலாம் என்று நினைத்தேன். இது ஒரு மணி நேர வேலை. டையோடின் இரண்டு காலையும் வெட்டாமல் கைகளை விரிப்பதுபோல் நீட்டி வைத்தால் அதுவே ஆண்டெனா. டையோடின் இரு முனையிலிருந்தும் ஆளுக்கொரு 10 கிலோஓம் ரெசிஸ்டர் வழியாக ஆம்ப்ளிஃபையருக்கு ஒயர் இழுத்தால் முடிந்தது. ரேடியோ அலையின் ஏற்ற இறக்கத்தை டையோடு பிரித்துக் கொடுக்கும், ஸ்பீக்கர் அதைச் சத்தமாக்கும்.

முதலில் ரௌட்டரிடம் கொண்டுபோனேன். டக் டக் டக் என்று, விநாடிக்குப் பத்துத் தடவை, குழாய் சொட்டுவதுபோல். 'நான் இங்கே இருக்கிறேன்' என்று வைஃபை ரௌட்டர் 102.4 மில்லி விநாடிக்கு ஒரு தடவை கூவிக்கொண்டே இருக்கும். அந்தக் கூவல்தான் அது. என் 4ஜி போனில் கால் போட்டால் எண்ணெயில் கடுகு போட்ட மாதிரி படபடவென்று ஒழுங்கில்லாத பொரியல். அடுத்து அம்மாவின் பட்டன் போன். அதில் எண்ணை அழுத்தியதும் ஸ்பீக்கர் போட்ட சத்தத்தில் அம்மாவே அடுக்களையிலிருந்து ஓடி வந்துவிட்டார்.

டிடிட், டிடிட், டிடிட், டிர்ர்ர்ர்ர்.

இதை நான் கேட்டிருக்கிறேன். அப்பா டாக்ஸி ஓட்டிய காலத்தில் போன் மணி அடிப்பதற்கு இரண்டு விநாடி முன்னால் கார் ரேடியோ இப்படித்தான் கத்தும். 2ஜி போன் தொடர்ந்து அலை அனுப்புவதில்லை. ஒரே அலைவரிசையை எட்டுப் பேர் முறை வைத்துப் பங்கு போடுகிறார்கள். தன் முறை வரும்போது மட்டும் பளிச்சென்று விட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளும். விநாடிக்கு 217 முறை. அந்த 217-தான் 'டிர்ர்ர்'. 2021 கடைசியில் இங்கே 3ஜி-யை மூடியபோது 2ஜி-யை விட்டுவைத்தார்கள். அம்மாவின் போன் பிழைத்தது அதனால்தான். 'பட்டன் போன்ல கதிரெல்லாம் இல்லடா' என்பது அம்மாவின் பல வருஷத்துச் சித்தாந்தம். ஸ்பீக்கர் அதற்கு எதிர்சாட்சி சொல்லிக்கொண்டிருந்தது. நான் ஒன்றும் பேசவில்லை.

இரண்டாவது சனிக்கிழமை எண் மீட்டர். ஏடி8318 என்ற சிப் வைத்த சிறிய போர்டு ஆன்லைனில் கிடைக்கிறது. 1 மெகாஹெர்ட்ஸிலிருந்து 8 கிகாஹெர்ட்ஸ் வரைக்கும் எந்த அலை வந்தாலும் அதன் பலத்தை வோல்ட்டாக மாற்றித் தரும். ஒன்றைக் கவனிக்க வேண்டும், இது தலைகீழ் ஆசாமி. அலை பலமானால் வோல்ட் இறங்கும், ஒரு டிபி (டெசிபல்) ஏறினால் சுமார் 25 மில்லிவோல்ட் இறக்கம். இது தெரியாமல் முதல் அரைமணி நேரம் போனைக் கிட்டே கொண்டுபோகப் போக மீட்டர் குறைகிறதே என்று நான் திருதிருவென்று முழித்தேன்.

டிபி கணக்குப் பழகாதவர்களுக்கு: 3 டிபி என்றால் இரண்டு மடங்கு, 10 என்றால் பத்து மடங்கு, 20 என்றால் நூறு, 30 என்றால் ஆயிரம். 0 டிபிஎம் என்பது ஒரு மில்லிவாட். அதற்குக் கீழே போனால் மைனஸ். இது கையில் இருந்தால் போதும்.

ஆண்டெனா ஒரு துண்டுச் செம்புக் கம்பிதான். 1800 மெகாஹெர்ட்ஸுக்குக் கால் அலைநீளம் 42 மில்லிமீட்டர் வரும், கொஞ்சம் குறைத்து 40-இல் வெட்டினேன். பெட்டிக்கு மைலோ டின். தகர டின் என்பதால் உள்ளே இருக்கும் போர்டுக்கு அதுவே கவசம், மூடியில் துளை போட்டு ஆண்டெனாவை மட்டும் வெளியே நிறுத்தினேன். எண்ணைப் படிக்க இஎஸ்பி32 போர்டு, மின்சாரத்துக்கு பவர் பேங்க்.

இஎஸ்பி32-ஐ எடுத்ததற்குக் காரணம் அதில் வைஃபை இருக்கிறது, எண்களை நேராகப் போனில் பார்த்துக்கொள்ளலாம் என்பதுதான். புத்திசாலித்தனமாகத் தோன்றியது. வீட்டில் எந்த மூலைக்குப் போனாலும், மற்ற போனையெல்லாம் அணைத்தாலும், ரௌட்டரைக் கழற்றினாலும், மைனஸ் 12 என்று விடாப்பிடியாக நின்றது. குளியலறையில் கதவைச் சாத்திக்கொண்டு பார்த்தேன், அதே மைனஸ் 12. இவ்வளவு பலமாக இந்த வீட்டில் என்னதான் கதிர் வீசுகிறது என்று எனக்கே கொஞ்சம் பயம் வந்துவிட்டது. மனைவி எட்டிப் பார்த்து, "அந்த டின்னுக்குள்ளயே ஏதோ நீலமா மின்னுதே, அது என்னங்க?" என்றாள்.

வைஃபை விளக்கு. நான் அளந்துகொண்டிருந்தது என் மீட்டரையே.

வைஃபையை அணைத்து, நாலு வெள்ளிச் சின்னத் திரை ஒன்றை ஒயரில் கட்டியதும் மைனஸ் 12 போன இடம் தெரியவில்லை. எண் மைனஸ் 50-க்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தது.

மூன்றாவது சனிக்கிழமை சிப் செத்தது. அம்மாவின் பட்டன் போனை ஆண்டெனாவுக்கு இரண்டு விரல்கடை தூரத்தில் வைத்து கால் போட்டேன். திரையில் எண் ஒரு முறை துள்ளியது, பிறகு எதைக் காட்டினாலும் அசையவில்லை. அந்தச் சிப் தாங்குவது அதிகபட்சம் 12 டிபிஎம், அதாவது 16 மில்லிவாட். 900 மெகாஹெர்ட்ஸில் பேசும் 2ஜி போன் தன் முறை வரும்போது விடும் உச்சம் 2 வாட். எட்டில் ஒரு பங்கு நேரம்தான் என்பதால் சராசரி கால் வாட். ஆனால் சிப் சராசரி பார்த்துச் சாகாது, உச்சத்தைப் பார்த்துச் சாகும். அதோடு, டவரோடு முதல் பேச்சைத் தொடங்கும்போது 2ஜி போன் முழுக் குரலில் கத்திவிட்டுத்தான் பிறகு டவர் சொல்கிற அளவுக்குத் தணியும். நான் சரியாக அந்த முதல் கத்தலில் சிப்பைக் கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறேன். 4ஜி போனின் உச்சம் 23 டிபிஎம், ஒரு வாட்டில் ஐந்தில் ஒரு பங்கு. கதிரே இல்லாத போன் என்று அம்மா நம்பியதுதான் வீட்டிலேயே பெரிய தொண்டைக்காரன்.

புது போர்டு வந்ததும் முதல் வேலையாக 20 டிபி அட்டனுவேட்டர் ஒன்று வாங்கி முன்னால் மாட்டினேன். விரல் நுனி அளவு சாமான், வருவதை நூறில் ஒரு பங்காகக் குறைத்து உள்ளே விடும். இதைச் செய்து பார்க்க நினைப்பவர்கள் போர்டு வாங்கும் அன்றே அதையும் வாங்கிவிடுங்கள். ஷா ஆலாமில் தொழிற்சாலை டெஸ்ட் பிரிவில் இருக்கும் நண்பன் ஒருத்தன் சிக்னல் ஜெனரேட்டரில் மாட்டி 900, 1800, 2400, 3500 என்று நாலு இடத்தில் சரிபார்த்துக் கொடுத்தான். போர்டு ஒன்றிரண்டு டிபி-க்குள் சரியாகத்தான் இருந்தது. என் ஆண்டெனாவுக்கு அப்படி எந்த உத்தரவாதமும் இல்லை. 40 மில்லிமீட்டர் கம்பி எல்லா அலைவரிசையையும் ஒரே மாதிரி பிடிக்காது. மின்னல் எஃப்எம் ரேடியோ, டிவி, வைஃபை எல்லாம் கலந்துதான் எண்ணாக வரும். ஆக, என் எண்கள் பத்து மடங்குவரை மேலே கீழே இருக்கலாம் என்று வைத்துக்கொண்டுதான் பேசுகிறேன்.

இனி லிஃப்ட். இதற்காகத்தான் இந்தப் பதிவையே எழுத உட்கார்ந்தேன்.

ஒரு பலகைத் துண்டில் போனைக் கட்டி, மூன்று சென்டிமீட்டர் ஸ்பாஞ்ச் இடைவெளி விட்டு மீட்டரின் ஆண்டெனாவைக் கட்டினேன். இந்த இடைவெளி அசையக்கூடாது, ஒரு சென்டிமீட்டர் நகர்ந்தாலே எண் மாறிவிடும். தம்பிக்கு, அதாவது என்னோடு வேலை பழகும் பையனுக்கு, கால் போட்டு ஒன்று, இரண்டு, மூன்று என்று சத்தமாக எண்ணிக்கொண்டே இருந்தேன். வாயை மூடிக்கொண்டிருந்தால் போன் அனுப்புவது குறைந்துவிடும், நாம் பேசினால்தான் அதற்குச் சரக்கு. மீட்டரில் விநாடிக்கு ஒரு உச்ச எண்ணை மட்டும் பதிய வைத்தேன்.

ஒன்பதாம் மாடி வராந்தாவில், டவர் கண்ணில் படும் இடத்தில், போன் கிட்டத்தட்ட முணுமுணுத்தது. லிஃப்டுக்குள் நுழைந்தேன். கதவு திறந்திருக்கும்வரை பெரிய மாற்றமில்லை. கதவு மூடத் தொடங்கியதும், இரண்டு பலகையும் நடுவில் சேர்வதற்கு ஒரு சாண் இருக்கும்போது, எண் ஏற ஆரம்பித்தது. மூடி முடித்த இரண்டு விநாடிக்குள் 18 டிபி ஏற்றம். அறுபது மடங்குக்குமேல். ஐந்தாம் மாடியில் கதவு திறந்ததும் இறங்கியது, மூடியதும் ஏறியது. எட்டுத் தடவை ஏறி இறங்கி எட்டுத் தடவையும் பார்த்தேன். மூன்றாம் புளோக் ஆன்ட்டி ஒருவர் மைலோ டின்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு எண்ணிக்கொண்டிருந்த என்னைப் பார்த்து அடுத்த லிஃப்டில் வருகிறேன் என்று ஒதுங்கிக்கொண்டார்.

காரணம் சிக்கலானது இல்லை. போன் எவ்வளவு கத்த வேண்டும் என்று முடிவு செய்வது போன் அல்ல, டவர். 'கேட்கிறது, குறைத்துக்கொள்', 'கேட்கவில்லை, கூட்டு' என்று ஓயாமல் சொல்லிக்கொண்டே இருக்கும். லிஃப்ட் கார் ஒரு இரும்புப் பெட்டி, சிக்னலைத் தின்றுவிடும், போன் உச்சத்துக்குப் போகும். மஸ்ஜிட் ஜாமெக்கில் எல்ஆர்டி ரயில் தரைக்கடியில் போகும்போதும் இப்படித்தான் இருக்கும் என்று நினைத்து டின்னோடு ஏறினேன். ஏமாற்றம். சுரங்கத்துக்குள் சிக்னல் நன்றாக இருந்தது, போன் அமைதியாகத்தான் இருந்தது. வில்லங்கம் எங்கள் லிஃப்டிலும் அடித்தளக் கார் பார்க்கிலும்தான்.

பதினாறு வருஷமாக நான் லிஃப்ட் காரின் தலையில் உட்கார்ந்து, சாஃப்டின், அதாவது லிஃப்ட் ஏறி இறங்கும் கிணற்றின், இருட்டில், போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு 'இன்னும் ரெண்டு இன்ச் இறக்குடா' என்று கத்திக்கொண்டிருந்தவன். கதிர் எங்கே என்று கேட்டால் அங்கேதான்.

ஸ்டிக்கரை அடுத்த சனிக்கிழமை சோதித்தேன். ஒட்டாமல் பத்துத் தடவை, ஒட்டிப் பத்துத் தடவை. இரண்டு வரிசைக்கும் வித்தியாசம் ஒரு டிபி-க்குள், அது ஒட்டாத பத்துக்குள்ளேயே இருக்கும் வித்தியாசம்தான். தங்க நிறத்துக்குக் கொடுத்த காசு அது. உறை வேறு கதை. கம்பி வலை தைத்த மடலை மூடினால் முன்பக்கம் 6 டிபி குறைந்தது, உண்மை. ஆனால் போனின் முதுகுப் பக்கம் 4 டிபி கூடியது, பேட்டரியும் சீக்கிரம் இறங்கியது. வாயைப் பொத்தினால் இன்னும் சத்தமாகப் பேச வேண்டியதுதானே. இப்படிப்பட்ட கவசங்கள் சிக்னலைக் கெடுத்துப் போனைக் கூடுதலாக அலை விட வைக்கலாம் என்று அமெரிக்காவின் வர்த்தக ஆணையமான எஃப்டிசி எச்சரித்திருக்கிறது. பதக்கத்தைச் சோதிக்க என் டின்னால் முடியாது. அதில் பயப்பட வேண்டியது வேறு வகைக் கதிர். 2021 டிசம்பரில் நெதர்லாந்தின் அணுப் பாதுகாப்பு ஆணையம், 5ஜி-யிலிருந்து காப்பாற்றும் என்று விற்ற பத்துப் பொருட்களைப் பரிசோதித்து, அவையே கதிரியக்கம் விடுகின்றன, அணியாதீர்கள் என்று அறிவித்தது. இல்லாத ஆபத்துக்குக் காப்பு என்று நிஜமான கதிரியக்கத்தைக் கழுத்தில் மாட்டிக்கொள்வது. எங்கள் வீட்டுப் பதக்கம் எந்த ரகம் என்று தெரியாத வரைக்கும் ஸ்டோர் ரூம் மூலையில் இருக்கட்டும் என்று வைத்துவிட்டேன். மச்சினிக்கு இன்னும் கோபம்.

சரி, எது அளவு, எது அளவுக்குமேல்? உங்கள் போனில் ஸ்டார், ஹேஷ், 07, ஹேஷ் என்று அழுத்திப் பாருங்கள், பல போன்களில் எஸ்ஏஆர் எண் வரும். உடம்பின் ஒரு கிலோ திசு எத்தனை வாட் உறிஞ்சுகிறது என்ற கணக்கு அது. அமெரிக்காவில் உச்சவரம்பு 1.6, ஒரு கிராம் திசுவில் சராசரி எடுத்து. ஐரோப்பாவிலும் இக்னிர்ப் என்ற சர்வதேசக் குழுவின் பரிந்துரையிலும் தலைக்கும் உடம்புக்கும் 2, பத்து கிராமில் சராசரி எடுத்து. மலேசியாவில் தகவல் தொடர்பு ஆணையமான எம்சிஎம்சி வைத்திருக்கும் வரம்புகளும் இக்னிர்ப் வழிதான். இரண்டு எண்ணையும் பக்கத்தில் வைத்து அமெரிக்கா கண்டிப்பு, ஐரோப்பா தாராளம் என்று பேசுவார்கள். சராசரி எடுக்கும் அளவே வேறு என்பதால் நேராக ஒப்பிட முடியாது, ஆனாலும் அமெரிக்க முறைதான் கொஞ்சம் இறுக்கம்.

இந்த எண்ணின் ஊற்று வெப்பம். உடம்பு முழுக்க கிலோவுக்கு 4 வாட் ஏறினால் உடல் சூடு சுமார் ஒரு டிகிரி கூடும். அதைப் பத்தால் வகுத்து 0.4 என்று வேலையாட்களுக்கு, ஐம்பதால் வகுத்து 0.08 என்று பொதுமக்களுக்கு வைத்தார்கள். தலைபோல ஓரிடத்துக்கு மட்டும் என்றால் வேலையாட்களுக்கு 10, மற்றவர்களுக்கு 2. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே நம் உடம்பு கிலோவுக்கு ஒரு வாட்டுக்குமேல் சூடு உண்டாக்குகிறது என்பதையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

இந்த எஸ்ஏஆர் எண்ணை வைத்து நல்ல போன், கெட்ட போன் என்று கடையில் பேசுவது எனக்குச் சரியாகப் படவில்லை. திசுவைப் போன்ற திரவம் நிரப்பிய பிளாஸ்டிக் தலையில், போனை உச்ச பலத்தில் கத்தவிட்டு எடுக்கும் எண் அது. அந்தத் தலையும் அமெரிக்க ராணுவ ஆண்களின் பெரிய தலை அளவில் செய்தது. நாள் முழுக்க டவர் பக்கத்தில் முணுமுணுக்கும் 1.5 போனைவிட, கார் பார்க்கில் மணிக்கணக்கில் கத்தும் 0.8 போன் காதுக்குக் கூடுதலாகக் கொடுக்கும். அதற்காக வரம்பே வெறும் சடங்கு என்றும் சொல்லமாட்டேன். 2023 செப்டம்பரில் பிரான்ஸ் ஐஃபோன் 12-இன் விற்பனையையே நிறுத்தியது. கையில் பிடித்திருக்கும் நிலைக்கான சோதனையில் வரம்பு 4, வந்தது 5.74. பிறகு ஆப்பிள் அங்கே மென்பொருளைத் திருத்திக் கொடுத்தது.

ஐந்தாவது சனிக்கிழமை எங்கள் ஜன்னல். மீட்டரை இப்போதிருக்கும் டவர் பக்கம் நீட்டி அரை மணி நேரம் வைத்தேன். அட்டனுவேட்டரைக் கழற்றியும் உச்சம் மைனஸ் 31. என் கம்பி அந்த அலைவரிசையில் ஒரு சோப்புக்கட்டி அகலப் பரப்பிலிருந்து அலையைப் பிடிக்கிறது என்று வைத்துக் கணக்குப் போட்டால் சதுர மீட்டருக்கு 0.2 மில்லிவாட் வரும். 1800 மெகாஹெர்ட்ஸில் பொதுமக்களுக்கான வரம்பு சதுர மீட்டருக்கு 9 வாட். நாற்பதாயிரத்தில் ஒரு பங்கு. நான் பத்து மடங்கு தப்புப் பண்ணியிருக்கிறேன், நூறு மடங்கே தப்பு என்று வைத்துக்கொண்டாலும் நானூறில் ஒரு பங்கு.

கடைசி, நான் வேலை செய்யும் ஒரு கட்டடத்தின் உச்சி. கட்டட மேலாளரிடம் சொல்லிவிட்டுத்தான் டின்னை எடுத்துப்போனேன். அங்கே முதல் பிரச்சினை வேறு: லிஃப்ட் ஓடத் தொடங்கும் ஒவ்வொரு தடவையும் எண் எகிறியது. ஆண்டெனா அல்ல, மோட்டாரை ஓட்டும் இன்வெர்ட்டரின் இரைச்சல், திரைக்குப் போகும் ஒயர் வழியாக டின்னுக்குள் ஏறியிருக்கிறது. ஒயரை ஃபெரைட் வளையத்தில் நாலு சுற்றுச் சுற்றி, டின் மூடியின் பெயிண்டைச் சுரண்டி உலோகத்தோடு உலோகம் தொடவைத்ததும் அடங்கியது.

மோட்டார் ரூம் கதவு ஆண்டெனாப் பலகையின் முதுகுப் பக்கம். அங்கே மைனஸ் 14. மேலே சொன்ன கணக்கில் வரம்பில் எண்ணூறில் ஒரு பங்கு. இந்தப் பலகை ஆண்டெனாக்கள் டார்ச் லைட் மாதிரி. முன்னால், அதுவும் படுக்கை வாட்டில் மெலிசான தட்டுபோல்தான் வீசும், முதுகுக்கும் காலடிக்கும் சிந்துவது சொற்பம். அதனால்தான் அது நிற்கும் கட்டடத்தின் மேல்மாடி வீட்டுக்காரருக்கு அதிகம் வருவதில்லை. அட்டனுவேட்டரை மாட்டிக்கொண்டு, ஆண்டெனாவுக்கு முன்னால் யாரும் போகாதபடி கட்டியிருக்கும் மஞ்சள் சங்கிலியை ஒட்டியே முன்பக்கமாக நாலு அடி எடுத்து வைத்தேன், சங்கிலியைத் தாண்டவில்லை. நாலே அடியில் 17 டிபி ஏற்றம், வரம்பில் பதினாறில் ஒரு பங்கு. சங்கிலிக்கு அந்தப் பக்கம், பலகைக்கு நேர் எதிரே? ஒரு பலகைக்கு 40 வாட் கொடுத்து அது முன்பக்கம் ஐம்பது மடங்காகக் குவிக்கிறது என்று வைத்தால், நாலு மீட்டரில் வரம்பைத் தொட்டுவிடும்.

அந்த நாலு மீட்டருக்குள்தான் எங்கள் மோட்டார் ரூமின் காற்று விசிறி இருக்கிறது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஏணி போட்டு அதை மாற்றியவன் நான். முக்கால் மணி நேரம். வேலையாட்களுக்கு வரம்பு ஐந்து மடங்கு கூடுதல்தானே என்று மனதைத் தேற்றப் பார்த்தேன். ஆனால் அந்தக் கூடுதல் வரம்பு, ரேடியோ அலைபற்றிப் பயிற்சி பெற்று, தெரிந்தே வேலை செய்பவர்களுக்கு மட்டும். கிரீஸ் டப்பாவோடு ஏறும் எங்களுக்கு அந்தப் பயிற்சி கிடையாது, நாங்கள் பொதுமக்கள் கணக்குத்தான். அந்த முக்கால் மணி நேரத்தில் எனக்கு ஒன்றும் ஆகவில்லை. வரம்பைத் தாண்டினால் உடனே கெடுதல் என்று அர்த்தமில்லை, ஐம்பது மடங்கு இடைவெளி இருக்கிறதே. ஆனாலும் இப்போது அந்தப் பக்கம் ஏணி போட வேண்டுமென்றால் சங்கிலியில் தொங்கும் அறிவிப்புப் பலகையில் இருக்கும் எண்ணுக்கு முதலில் போன் அடித்து, அந்தப் பக்க ஆண்டெனாவை நிறுத்தச் சொல்லிவிட்டுத்தான். தம்பிக்கும் அதையே பழக்கியிருக்கிறேன். மனைவிக்கு விசிறிக் கதையை இன்னும் சொல்லவில்லை.

குடியிருப்பாளர் கூட்டத்துக்கு டின்னோடு போனேன். ஜன்னல் எண்ணையும் லிஃப்ட் எண்ணையும் சொன்னேன். டவர் தூரமாகப் போனால் நம் காதுப் பக்கத்துப் போன்தான் கூடக் கத்தும் என்றும் சொன்னேன். பின்வரிசையிலிருந்து ஒரு பெரியவர், "தம்பி, நீ போன் கம்பெனி ஆளா?" என்றார். சிரிப்பு. இன்னொருவர் 2011-இல் உலகப் புற்றுநோய் ஆய்வு முகமை இதைப் புற்றுநோய் தரக்கூடிய சாத்தியமுள்ள பட்டியலில் சேர்த்ததை எடுத்தார். சேர்த்தது உண்மை. 2பி என்ற அந்தப் பட்டியலில் ஆசிய முறையில் போடும் காய்கறி ஊறுகாயும் இருக்கிறது. 2024-இல் உலகச் சுகாதார நிறுவனம் கேட்டுச் செய்த பெரிய மறுஆய்வில் போனுக்கும் மூளைப் புற்றுக்கும் தொடர்பு தென்படவில்லை என்றேன். பாதிப் பேர் தலையாட்டினார்கள். ஆனால் ஒரு அக்கா கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை: "எல்லாம் சரி, எங்க தலைக்கு எதிர வைக்கிறாங்களே, எங்கள ஒரு வார்த்தை கேட்டாங்களா? வாடகை யாருக்குப் போகுது?" அந்தக் கோபத்தை எந்த டின்னாலும் அளக்க முடியாது, அதில் நியாயமும் இருக்கிறது. கையெழுத்துத் தாளில் 'கதிர்வீச்சு' என்ற வரியை அடித்துவிட்டு 'முன்கூட்டித் தெரிவிக்காமல்' என்று எழுதினால் போடுகிறேன் என்றேன். திருத்தி எழுதி வருகிறார்கள், பார்ப்போம்.

நானும் இப்போது லிஃப்டுக்குள் போன் கால் எடுப்பதில்லை. சாஃப்டில் தம்பியோடு பேச வாக்கிடாக்கியை நெஞ்சில் மாட்டி, ஸ்பீக்கர் மைக்கை மட்டும் வாய்ப் பக்கம் கொண்டுபோகிறோம். மூன்று சென்டிமீட்டரிலிருந்து இருபதுக்குத் தள்ளினாலே எண் 15 டிபி-க்குமேல் விழுகிறது என்பதை அதே பலகையில் பார்த்திருந்தேன். அம்மாவின் போனுக்கும் அதே காரணத்துக்காக ஒயர் வைத்த இயர்போன் வாங்கிக் கொடுத்தேன். காதில் அடைத்துக்கொண்டால் குக்கர் விசில் கேட்காது என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். சரி, ஸ்பீக்கரில் போட்டுப் பேசுங்கள் என்றேன். பேசுகிறார். ஈப்போ சித்தியின் மருமகள் விவகாரம் இப்போது ஒன்பதாம் மாடி முழுக்கத் தெரியும்.